தவறு அவருடையது, செலவு ஏன் என்னுடையது?

கேள்வி: சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் கார் மீது, பின்னால் வந்த சரக்கு வேன் மோதிவிட்டது. தவறு முழுவதும் வேன் ஓட்டுநருடையதே. என் பாலிசியில் கிளைம் செய்தபோது, 42,000 ரூபாய் பில்லுக்கு 30,600 ரூபாய் மட்டுமே கிடைத்தது. கிளைம் செய்யாததற்காகப் பிரீமியத்தில் கிடைத்துவந்த 45 சதவீத போனஸும் அடுத்த ஆண்டு கிடையாது என்கிறார்கள். இது என்ன நியாயம்? (கார் வாங்கி நாலரை ஆண்டுகள், 1,500 சிசிக்குக் குறைவானது.)
- வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் நீங்கள் பயன்படுத்திய ஓன் டேமேஜ் பிரிவு (உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கான காப்பீடு), யார் மீது தவறு என்று கேட்பதே இல்லை. நீங்களே சுவரில் மோதியிருந்தாலும் இதே கணக்குதான். அதனால்தான் வழக்கு, சாட்சி எதுவுமின்றிப் பணம் விரைவாகக் கிடைக்கிறது.

நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்ப்போம். பிளாஸ்டிக் பம்பர் 9,000 ரூபாய். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதி கழியும் என்பதால் 4,500 போயிற்று. டிக்கி கதவு 14,000 ரூபாய். நான்கு முதல் ஐந்து ஆண்டு வயதுள்ள காரின் இரும்புப் பாகங்களுக்கு 35 சதவீதம் கழிவதால் அதில் 4,900 போயிற்று. பெயின்ட் வேலைக்கான 8,000 ரூபாயில் கால் பங்கை மட்டும் பெயின்ட்டின் விலையாகக் கொண்டு, அதில் பாதியான 1,000 ரூபாயைக் கழித்திருக்கிறார்கள். கண்ணாடிக்கும் கூலிக்கும் கழிவில்லை. உங்கள் ரகக் காருக்குக் கட்டாயமாக உரிமையாளரே ஏற்க வேண்டிய 1,000 ரூபாயையும் சேர்த்தால், 11,400 ரூபாய் சரியாக வந்துவிடுகிறது. தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் வசதியைச் சேர்த்து எடுத்திருந்தால் அந்தக் கடைசி 1,000 ரூபாய் மட்டுமே உங்கள் கையைக் கடித்திருக்கும்.

போனஸ் விஷயத்தில்தான் எனக்கும் வருத்தம். அது தவறு செய்யாதவருக்கான பரிசு அல்ல. கிளைம் செய்யாதவருக்கான தள்ளுபடி. ஒரு முறை கிளைம் செய்தால், யார் மோதியிருந்தாலும் அது பூஜ்ஜியத்துக்கு இறங்கி, மறுபடி 20 சதவீதத்திலிருந்துதான் ஏற வேண்டும். ஆகவே சிறிய சேதம் என்றால், கையில் வரப்போகும் தொகையையும் இழக்கப்போகும் தள்ளுபடியையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகே கிளைம் செய்யுங்கள்.

தவறு செய்தவரிடமே வாங்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. வேனின் தர்ட் பார்ட்டி பாலிசி (வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு) பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கும். ஆனால் அதற்குக் காவல் நிலையத்தில் புகார் பதிந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப்போட்டு, வேன் ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்திலும் பணம் வாங்க முடியாது. சில ஆயிரங்களுக்காக இந்த வழியில் போகுமாறு நான் சொல்ல மாட்டேன். கார் உருக்குலைந்து, பாலிசியில் ஓன் டேமேஜும் இல்லாதவர்கள் அவசியம் போக வேண்டும்.

கேள்வி: ராங் சைடில் எதிர்த்திசையில் வந்த பைக், என் காரில் மோதி, ஓட்டியவருக்குக் கால் முறிந்தது. முதல் தகவல் அறிக்கையில் என் பெயர்தான் இருக்கிறது. இழப்பீட்டை நான் கட்ட வேண்டுமா?
- வாசகர், தென்காசி

பதில்: உங்கள் பாலிசியும் உரிமமும் நடப்பில் இருந்தால், உங்கள் இன்ஷூரன்ஸ் நிறுவனம்தான் கட்டும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தர்ட் பார்ட்டி பாலிசியில் உச்சவரம்பு இல்லை. முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பதாலேயே தவறு முழுவதும் உங்களுடையது என்று தீர்ப்பாயம் முடிவுகட்டாது. அவர் எதிர்த்திசையில் வந்தது நிரூபணமானால், அவருடைய பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையும். ஆனால் அவர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின் கீழ் மனுப்போட்டால், தவறு யாருடையது என்ற ஆராய்ச்சியே இல்லாமல், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் உண்டு.

உரிமம் காலாவதியாகி இருந்தால் கதை வேறு: நிறுவனம் முதலில் அவருக்குக் கட்டிவிட்டு, பிறகு உங்களிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். குற்றவியல் வழக்கில் விதிக்கப்படும் அபராதத்தை எந்தப் பாலிசியும் ஏற்காது. தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தால், தாமதிக்காமல் அதன் நகலை எழுத்துமூலம் நிறுவனத்துக்கு அனுப்பி, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.