தென்காசியில் ஒரு மாலை மட்டும் இருக்கிறது, வண்டி இல்லை. நடந்தே எதைப் பார்க்கலாம்?

ரயில் நிலையத்திலிருந்து கோபுரத்தைப் பார்த்தே நடந்துவிடலாம். ஜூன், ஜூலையில் வந்தால் சாரல் கூடவே வரும், குடை அவசியம்.

காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். மலை இடைவெளி வழியே வரும் காற்று ஆளையே தள்ளும். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். 15ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்கு ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களைப் பணிவதாகப் பாடி வைத்திருக்கிறான். ஓர் அரசன் அப்படிச் சொன்னது எனக்கு இன்றும் சிலிர்ப்பு. இடிந்து மொட்டையாக நின்ற கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்தது.

பிறகு ரத வீதிகளை ஒரு சுற்று. குற்றாலத்துக்கு மட்டும் பஸ் ஏறுங்கள், ஐந்தாறு கிலோமீட்டர்தான்.