பேஸ்மேக்கரில் ‘வயர்லெஸ்’ வசதி: கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. இதயத்துடிப்பு குறைந்து மயங்கி விழுந்ததால் பேஸ்மேக்கர் வைக்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாடல் காட்டினார்கள். ப்ளூடூத் உள்ளதற்கு விலை மிக அதிகம். “இதில் சிக்னல் பவர்ஃபுல், வீட்டில் இருந்தபடியே டாக்டர் பார்த்துக்கொள்வார்” என்கிறார் கம்பெனி ஆள். நாங்கள் கிராமத்தில் இருக்கிறோம். அப்பா வைத்திருப்பது பட்டன் போன். எதை வாங்குவது?

பதில்: இதயத்தைத் துடிக்க வைக்கும் வேலைக்கு வயர்லெஸ் தேவையில்லை. அந்த வசதி இல்லாத பேஸ்மேக்கரும் அதைச் செய்யும். சிங்கிள் சேம்பரா (இதயத்தின் ஓர் அறைக்கு மட்டும்), டூயல் சேம்பரா (இரண்டு அறைகளுக்கு) என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அதில் காசு பார்க்காதீர்கள். கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்க அனுமதியுள்ள மாடலுக்குக் கொடுங்கள். பெட்டிக்கு மட்டும் அந்த அனுமதி இருந்தால் போதாது, அதிலிருந்து இதயத்துக்குப் போகும் லீடு வயருக்கும் இருக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி ‘பவர்ஃபுல் சிக்னல்’. இந்தப் பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உடம்புக்குள் வைக்கும் கருவி எதிலும் சிக்னல் பலவீனமாகத்தான் இருக்கும். 1999இல் அமெரிக்கா இத்தகைய கருவிகளுக்கென்று 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை ஒதுக்கியது. பல நாடுகள் அதையே பின்பற்றுகின்றன. வானிலை பலூன்களும் பயன்படுத்தும் அலைவரிசை அது. அவற்றுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதால் உச்ச வரம்பு வெறும் 25 மைக்ரோவாட். ஒரு 4ஜி போன் அதிகபட்சமாக அனுப்பும் ஆற்றலில் இது எட்டாயிரத்தில் ஒரு பங்கு.

அந்தக் கொஞ்சத்தையும் உடம்பு விழுங்கும். தசையில் நீரும் உப்பும் அதிகம். ரேடியோ அலையை அவை உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். 400 மெகாஹெர்ட்ஸ் அலை தசைக்குள் சுமார் 5 செ.மீ. போவதற்குள் அதன் ஆற்றலில் ஏழில் ஒரு பங்குதான் மிஞ்சும். ப்ளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அதே இழப்பு 2 செ.மீ. சொச்சத்திலேயே வந்துவிடும். டைட்டானியம் உறை அலையை மறைக்கும் என்பதால், லீடு வயரைச் செருகும் பிளாஸ்டிக் மேல்பகுதியில்தான் ஆன்டெனாவை அடக்குகிறார்கள். காற்றில் 400 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் முக்கால் மீட்டர். ஆன்டெனாவுக்குக் கிடைக்கும் இடமோ சில சென்டிமீட்டர். அதிலும் ஆற்றல் வீணாகும். பேஸ்மேக்கரைத் தோலுக்குச் சற்றுக் கீழேயே வைப்பதால் தப்பித்து வருகிற சிக்னல், பக்கத்தில் இருக்கும் ஒரு கருவிக்கு எட்டும். அவ்வளவே அதற்கு வேலை. பவரைக் கூட்டினால் பேட்டரி சீக்கிரம் தீரும். பேட்டரி தீர்ந்தால் இன்னொரு ஆபரேஷன். சிக்னலை அடக்கியே வைப்பது நோயாளிக்கு நல்லதுதான்.

ஆகவே பணம் கொடுக்கும் முன், சிக்னல் உடம்பை விட்டு வெளியே வந்த பிறகு என்ன ஆகிறது என்று கேளுங்கள். சிக்னலை வாங்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, படுக்கை அருகே வைக்கும் மானிட்டர் தருகிறார்களா, அல்லது ஸ்மார்ட்போன் ஆப் மட்டும்தானா? ஆப் மட்டும் என்றால் பட்டன் போன் வைத்திருக்கும் உங்கள் அப்பாவுக்கு அந்தப் பணம் தண்டம். மானிட்டர் எந்த மொபைல் நெட்வொர்க்கில் ஓடும், அது உங்கள் ஊரில் வீட்டுக்குள் கிடைக்கிறதா? அமெரிக்காவில் 2022இல் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த பழைய மானிட்டர்களை மாற்ற வேண்டியிருந்தது. பேஸ்மேக்கர் பத்து வருடம்கூட உழைக்கும். நடுவில் நெட்வொர்க் மாறினால் புது மானிட்டர் யார் செலவில்? எல்லாவற்றையும்விட முக்கியமாக, அனுப்பும் தகவலை ஆஸ்பத்திரியில் யார் பார்ப்பார்கள், அதற்குத் தனிக் கட்டணமா? “டாக்டர் பார்ப்பார்” என்ற பொத்தாம்பொதுவான பதிலோடு எழுந்து வராதீர்கள். ஆள் இல்லாத ஆஸ்பத்திரியில் இந்த வசதிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

திருப்தியான பதில் கிடைத்தால் வாங்குங்கள். நகரத்துக்கு அடிக்கடி அலைய முடியாத குடும்பத்துக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது நேரில் செக்கப் போகத்தான் வேண்டும்.

கேள்வி: அம்மாவின் கட்டிலருகே உள்ள மானிட்டர் சில நாட்களாக ‘இணைப்பு இல்லை’ என்று காட்டுகிறது. பேஸ்மேக்கர் நின்றுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள். அந்த அறிவிப்புக்குத் தகவல் போகவில்லை என்பதே பொருள். பேஸ்மேக்கர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், தகவலைத் தன் நினைவகத்தில் சேமித்தும் வைத்திருக்கும். இணைப்பு வந்ததும் அனுப்பும்.

அறுந்தது எந்த இணைப்பு என்று பாருங்கள். மானிட்டரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவது மொபைல் நெட்வொர்க் வழியாக. ஜன்னல் பக்கம் நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அது சரியாக இருந்தால், அம்மாவிலிருந்து மானிட்டருக்கு வரும் சிக்னலில்தான் சிக்கல். பெரும்பாலான மானிட்டர்களுக்கு 2 முதல் 3 மீட்டருக்குள் ஆள் இருக்க வேண்டும். பல மாடல்கள் ராத்திரி தூங்கும்போதுதான் தகவலை எடுக்கும். அம்மா ஹாலில் படுக்க, மானிட்டர் உள் அறையில் இருந்தால் எப்படி வரும்? இரும்பு பீரோ நடுவில் இருந்தாலும் தடுக்கும். பேஸ்மேக்கர் இருக்கும் பக்கம் அழுந்த ஒருக்களித்துப் படுத்தால், அலை உடம்பு முழுவதையும் கடந்து வர வேண்டியிருக்கும். மானிட்டரை அந்தப் பக்கமாக மாற்றி வையுங்கள். அப்படியும் வராவிட்டால் ஆஸ்பத்திரியின் பேஸ்மேக்கர் கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

ஆனால் அம்மாவுக்குத் தலைசுற்றலோ, மயக்கமோ, மூச்சுத்திணறலோ வந்தால் மானிட்டர் என்ன காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது 108 ஆம்புலன்ஸ் மாதிரி அவசர சேவை கிடையாது.

கேள்வி: சட்டைப் பையில் போன் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். போனுக்கும் பேஸ்மேக்கருக்கும் இடையே 15 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். காந்தம் பதித்த புது போன்கள், உறைகள், இயர்போன் டப்பாக்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.

கேள்வி: மானிட்டர் இலவசம் என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கினார்கள். ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆகியும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: மாடல் எண், சீரியல் எண் உள்ள ஸ்டிக்கரின் நகல், எம்.ஆர்.பி. போட்ட பில், நோயாளி அடையாள அட்டை மூன்றும் உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதிக் கேட்டு வாங்குங்கள். மானிட்டர் தருவதாகச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி, எஸ்டிமேட் எதையும் அழிக்காதீர்கள். ஆஸ்பத்திரி, கம்பெனி இரண்டுக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட்டுவிட வேண்டும்.