புகையை நிறுத்தியபின் இருமல் கூடுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 58. பல ஆண்டுகளாகப் புகைபிடித்து வந்த நான், சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதாக மருத்துவர் கூறியதால், மூன்று வாரங்களுக்கு முன் அடியோடு நிறுத்திவிட்டேன். ஆனால் இருமலும் சளியும் முன்பைவிட அதிகமாகிவிட்டன. "பழகிய உடம்பு, ஒன்றிரண்டு பிடித்தால் சரியாகிவிடும்" என்கிறார் நண்பர். கெட்டுப்போன நுரையீரல் இனி மீளாது என்றால் நிறுத்தி என்ன பயன்?

பதில்: நண்பரின் யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்ணிய இழைகள் உண்டு. இத்தனை காலம் புகையால் முடங்கிக் கிடந்த அவை மீண்டும் இயங்கத் தொடங்கும்போது, தேங்கிய சளி வெளியேறுவதால் சில வாரங்களுக்கு இருமல் கூடக்கூடும். ஆனால் காய்ச்சல் வந்தாலோ, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ, அதில் இரத்தம் கலந்தாலோ, மூச்சுத்திணறல் மிகுந்தாலோ, புகையை நிறுத்தியதன் விளைவுதான் என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சிதைந்த காற்று நுண்ணறைகள் மீளா என்பது உண்மையே. எஞ்சியிருப்பதைக் காப்பதில்தான் பயன் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயின் தொடக்க நிலையில் இருந்த 5,887 புகைப்பழக்கத்தினரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், முதல் விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, தொடர்ந்து புகைத்த ஆண்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 66 மில்லிலிட்டர் குறைந்தது. நிறுத்திய ஆண்களுக்குக் குறைந்தது சுமார் 30 மட்டுமே. இது 11 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்துக் கண்டது. நோயின் வேகத்தை இந்த அளவுக்குத் தணிக்கும் மாத்திரை எதையும் என்னால் உங்களுக்கு எழுதித் தர இயலாது.

புகைக்கும் ஏக்கம் வாட்டினால் நிக்கோட்டின் சூயிங்கம் உதவும். அதை மிட்டாய்போல் மென்றுகொண்டே இருக்கக் கூடாது. சுரீரென்ற காரம் தெரிந்ததும் மெல்லுவதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். இல்லையேல் நிக்கோட்டின் வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். அது போதாவிட்டால் வரனிகிளின், புப்ரோபியான் போன்ற மாத்திரைகள் உங்களுக்குப் பொருந்துமா என மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்ஹேலர் பயன்படுத்துவீர்கள் என நினைக்கிறேன். மருந்து கேட்கவில்லை என்று வருபவர்களிடம் அதை இழுத்துக் காட்டும்படிதான் முதலில் சொல்வேன். அழுத்தி மருந்தை வெளியேற்றும் வகை என்றால், மூச்சை முழுவதும் வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பின்னர் 10 விநாடிகள் மூச்சை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.