லைன்மேனின் இனாம் போன பிறகு

மதிப்பிற்குரிய ஐயா,

அரசு நிறுவனங்களைத் தனியாருக்கு விற்பதில் உங்களுக்கு ஏன் இவ்வளவு ஐயம்? தொலைபேசி இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்து, சிபாரிசு பிடித்து, லைன்மேனுக்கு இனாமும் கொடுத்த காலம் போய், இன்று பத்து நிமிடத்தில் சிம் கார்டு கிடைக்கிறது. தனியார்மயம் ஊழலைக் குறைக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

லைன்மேனின் இனாம் ஒழிந்தது உண்மை. ஆனால் அதற்காக அரசின் தொலைபேசித் துறையை யாரும் விற்கவில்லை. அது 2000-இல் பி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனமாயிற்று, அதற்குப் போட்டியாகத் தனியாரும் அனுமதிக்கப்பட்டார்கள், அவ்வளவுதான். சமையல் எரிவாயுவை எண்ணிப் பாருங்கள். அதற்கும் நீண்ட காத்திருப்போர் பட்டியல் இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கென்று ஒதுக்கீடு இருந்தது. அவர்கள் தரும் கூப்பனுக்கு மதிப்பும் இருந்தது. இன்று அந்தக் கூப்பனை யாரும் தேடுவதில்லை, ஆனால் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் இன்னும் அரசின் கையில்தான் இருக்கின்றன. சில்லறை லஞ்சம் தட்டுப்பாட்டில் பிழைப்பது. பொருள் தாராளமாகக் கிடைத்தால், கடைக்காரர் யாராக இருந்தாலும் அது போய்விடும்.

தொலைபேசியில் புதிய தட்டுப்பாடு வீட்டு வாசலில் இல்லை, தில்லியில் இருந்தது: கைபேசிச் சேவைக்கு வேண்டிய அலைக்கற்றையும் உரிமமும். 2008 ஜனவரியில் 122 உரிமங்கள் 2001-இன் விலைக்கே கொடுக்கப்பட்டன; உச்ச நீதிமன்றம் 2012-இல் அவை அனைத்தையும் ரத்து செய்தது. குற்ற வழக்கில் எல்லோரும் 2017-இல் விசாரணை நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள் என்பதால், யார் வாங்கினார், யார் கொடுத்தார் என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. ஏலமின்றி ஒரு மேசையில் விலையும் வரிசையும் முடிவானால் என்ன நேரும் என்பதை அறிய அந்த ரத்து ஒன்றே போதும்.

விற்பனை எப்படி நடக்கிறது என்பதுதான் என் ஐயத்தின் வேர். 1995-இல் பணமுடையில் தவித்த ரஷ்ய அரசு, தன் பெரிய நிறுவனங்களின் பங்குகளை அடகு வைத்து வங்கிகளிடம் கடன் வாங்கியது. கடன் திரும்பவில்லை, பங்குகள் வங்கிக்காரர்களிடமே தங்கின. நோரில்ஸ்க் நிக்கல் என்ற உலோக நிறுவனத்தின் 38 விழுக்காட்டுப் பங்கை அடகு பிடிப்பது யார் என்ற ஏலத்தை நடத்திய ஒனெக்சிம் வங்கியின் தரப்பே அதை வென்றது. தொடக்க விலை 17 கோடி டாலர். வென்ற தொகை அதைவிட ஒரு லட்சம் டாலர் மட்டுமே அதிகம். இன்னொரு வங்கியின் தரப்பு 35.5 கோடி டாலர் தர முன்வந்தது, அந்த ஏலக்கேட்பு தள்ளப்பட்டது. நூறு அலுவலகங்களில் ஆயிரம் பேர் பல ஆண்டுகளாக வாங்கக்கூடிய கையூட்டை ஒரே பிற்பகலில் சுருட்டிவிட இப்படியும் ஒரு வழி உண்டு (இதற்கு ரசீதும் கிடைக்கும்).

எல்லா விற்பனையும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஏர் இந்தியாவுக்கு 2021-இல் குறைந்தபட்ச விலை 12,906 கோடி ரூபாய் என்று வைக்கப்பட்டு, போட்டியில் 18,000 கோடிக்கு அது டாட்டாவிடம் போனது. அதன் முறையில் எனக்குக் குறையில்லை. ஆனால் விற்ற மறுநாள் முதல் அந்த நிறுவனத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நீங்களோ நானோ எதையும் கேட்க முடியாது, தலைமைத் தணிக்கையாளரின் ஆண்டுத் தணிக்கையும் அதற்கு இல்லை. அரசு நிறுவனங்களில் ஊழல் மிகுதி என்று நாம் அறிந்திருப்பதில் ஒரு பங்கு, அங்கே பார்க்க ஆள் இருந்ததால் வந்த அறிவு. அரசோடு வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளும் தனியார் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கணக்கை அந்தத் தணிக்கையாளர் பார்க்கலாம் என்று தீர்ப்புப் பெறுவதற்கே 2014 வரை வழக்காட வேண்டியிருந்தது.