ஹேமர்ஹெட்: பயணிகள் விமானத்திலிருந்து பிறந்த வேவு ட்ரோன் (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, ஹேமர்ஹெட் பழைய பயணிகள் விமானம்தான் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான் தம்பி. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் செய்த பி.180 அவந்திதான் அதற்குத் தாய். 1986-இல் முதன்முதலாகப் பறந்த விமானம். மூக்கருகே ஒரு குட்டி இறக்கை, பின்பக்கமிருந்து தள்ளும் இரண்டு டர்போபிராப் (விசிறியைச் சுழற்றும்) எஞ்சின்கள். ஒருமுறை பார்த்தால் மறக்காது, அவ்வளவு அழகு. ஆட்கள் இல்லையென்றால் இருக்கையும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம். மிச்சமாகும் எடை எரிபொருளுக்கும் கருவிகளுக்கும் போகும். இறக்கையையும் 14 மீட்டரிலிருந்து சுமார் 15.6 மீட்டராக நீட்டினார்கள்.

கேள்வி: அமெரிக்காவின் ரீப்பர் ட்ரோன் 24 மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது. இதற்கு 16 மணிதானே? அப்புறம் என்ன பெருமை?

பதில்: மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் ரீப்பருக்குத்தான் வெற்றி. ஒல்லியான, 20 மீட்டர் நீள இறக்கையோடு மெதுவாக மிதப்பதற்கென்றே பிறந்தது அது. அவந்தியோ வேகத்துக்காகப் பிறந்தது. அந்தக் குணம் ஹேமர்ஹெட்டுக்கும் வந்தது: மணிக்கு 730 கிலோமீட்டர் வரை வேகம், 45,000 அடி உயரம். கடலில் ஒரு படகு தத்தளிக்கிறது என்று தகவல் வந்தால், ரீப்பர் பாதி வழியில் இருக்கும்போதே இது போய்ச் சேர்ந்திருக்கும். சேர்ந்த பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டு வட்டமிடலாம். மத்தியதரைக் கடல் போன்ற இடத்தில் இதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

கேள்வி: அரக்கோணத்தில் நம் கடற்படையின் பி-8ஐ வேவு விமானம் இருக்கிறதே, அதுவும் இந்த வகைதானா சார்?

பதில்: பாதி ஒற்றுமை. அதுவும் போயிங் 737 என்ற பயணிகள் விமானத்திலிருந்து வந்ததுதான். ஆனால் உள்ளே விமானிகளும் கருவிகளை இயக்குபவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: விமானியை இறக்கிவிட்டு ரிமோட் வைத்தால் போதாதா?

பதில்: போதாது. கஷ்டமே அங்கேதான். அவந்தியில் விமானியின் கை அசைவைக் கம்பிகள்தான் இறக்கைக்குக் கொண்டுபோகின்றன. அந்தக் கையின் வேலையைக் கணினியும் மோட்டார்களும் செய்ய வேண்டும். ஒன்று செயலிழந்தால் இன்னொன்று தாங்க வேண்டும். 2013 நவம்பர் 14-இல் சிசிலியின் டிராப்பானி தளத்திலிருந்து முதல் பறப்பு நடந்தது, வெறும் 12 நிமிடம். 2016 மே 31-இல் ஒரு சோதனைப் பறப்பின்போது முன்மாதிரி அங்கேயே கடலில் விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

கேள்வி: இப்போது எந்த நாட்டிடம் இருக்கிறது?

பதில்: எந்தப் படையிலும் சேவைக்கு வரவில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 8 விமானங்கள் கேட்டிருந்தது. 2018 இறுதியில் பியாஜியோ நிதி நெருக்கடியில் சிக்கி அரசு நியமித்த நிர்வாகத்தின் கைக்குப் போனது. 2025-இல் துருக்கியின் பைக்கார் நிறுவனம், பைரக்தார் ட்ரோன் செய்பவர்கள், பியாஜியோவை வாங்கிவிட்டார்கள். நல்ல வடிவமைப்பு பாதியில் நின்றதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். பயணிகளை ஏற்றும் அவந்தி மட்டும் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.