டவர் தண்ணீரில் மண் இருந்தால் நல்லதா?

கேள்வி: ஏர்ஜெட் தறி (காற்றழுத்தத்தால் நூலைச் செலுத்தி நெய்வது) ஓட்டுகிறோம். கம்ப்ரஸரைக் குளிர்விக்கும் தண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவரில் போர் தண்ணீர்தான். பக்கத்திலேயே மண் ரோடு. கூலர் குழாய்களில் அடிக்கடி சுண்ணாம்பு கட்டுகிறது. "ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் கெமிக்கல்காரர். "மண் இருந்தால் சுண்ணாம்பு அதில் ஒட்டிக்கொள்ளும், குழாய் தப்பிக்கும்" என்கிறார் எங்கள் ஃபிட்டர். யார் சொல்வது சரி?
- பல்லடம் வாசகர்

பதில்: ஃபிட்டரைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள், அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. போர் தண்ணீரில் கால்சியம், பைகார்பனேட்டாகக் கரைந்து கிடக்கிறது. சூடு ஏறினால் கார்பன் டைஆக்சைடு பிரிந்து, கால்சியம் கார்பனேட் படிகமாகத் தொடங்கும். தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். கழிவுநீரைச் சுண்டவைக்கும் சில எவாப்பரேட்டர்களில் இதற்காகத்தான் கால்சியம் சல்பேட் துகள்களை வேண்டுமென்றே ஓட விடுவார்கள். பிரிகிற உப்பு குழாயை விட்டுவிட்டு அவற்றின் மேல் வளரும்.

ஆனால் உங்கள் டவரில் சுற்றுவது ரோட்டுப் புழுதி. தன் இனத்துத் துகள் மேல் வளர்வதுபோல் செம்மண் மேல் சுண்ணாம்பு வளராது. தண்ணீர் அதிகம் சூடாவதும் குழாய்ச் சுவரை ஒட்டித்தான். அப்புறம், வேகம் குறைந்த இடத்தில் மண் படியும், சுண்ணாம்பு அதைச் சிமென்ட் மாதிரி இறுக்கிவிடும். அடியில் ஆக்சிஜன் போகாமல் குழாய் குழிகுழியாக அரித்துப்போகும். சுண்ணாம்பு கட்டாமல் இருக்க நீங்கள் காசு கொடுத்து ஊற்றும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்திலும் ஒரு பங்கை மண்ணும் துருவும் உறிஞ்சிக்கொள்ளும். இதனால் மருந்து போட்டும் கேட்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக உடனே ஃபில்டர் வாங்கிவிட வேண்டாம். ஃபில்டர் பிடிப்பது மிதக்கும் துகளை மட்டும். கரைந்த கால்சியம் அதில் தாராளமாகப் போய்விடும். விற்க வருகிறவர் இதை அழுத்திச் சொல்ல மாட்டார்!

அடுத்த முறை கூலரைத் திறக்கும்போது குழாயில் கட்டியிருக்கும் காரையில் ஒரு சில்லு எடுத்து உடைத்துப் பாருங்கள். உங்கள் பக்கத்து மில் ஒன்றில் நான் உடைத்த சில்லில் வெள்ளைக்கு நடுவே மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் ஓடின, ஆடிக் காற்றில் டவர் உள்ளே இழுத்த புழுதி. சில்லைப் பொடித்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள் (வெளியில் வைத்து, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறையோடு). நுரைத்துக் கரைவது சுண்ணாம்பு. அடியில் தங்குவது பெரும்பாலும் மண்.

முக்கால்வாசி கரைந்துவிட்டால் ஃபில்டர் பெரிதாக உதவாது. ப்ளோடவுனை (உப்பேறிய தண்ணீரை வெளியேற்றுவதை) கூட்டுங்கள், கால்சியத்தைப் பிரித்தெடுக்கும் சாஃப்ட்னர் பற்றி யோசியுங்கள். கணிசமாக மண் தங்கினால் கெமிக்கல்காரர் சொல்வதைக் கேட்கலாம். முழு ஓட்டத்துக்கும் ஃபில்டர் தேவையில்லை. சுற்றும் தண்ணீரில் 5 முதல் 10 சதவீதத்தைப் பிரித்து வடிகட்டி, திரும்ப டவர் தொட்டிக்கே விட்டால் போதும். தொட்டி அடியில் இப்போதே கிடக்கும் சேற்றை முதலில் வாரிவிடுங்கள். அந்த ரோட்டில் தினம் ஒரு லாரி தண்ணீர் தெளிக்க முடியுமா என்றும் பாருங்கள்.