விமானத்துக்குள் காற்று: கேள்வி பதில்

மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்று, பிறந்த ஊரான சுங்கை சிப்புட்டுக்கே வந்துவிட்டேன். நம் ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

35,000 அடியில் எப்படி மூச்சு விடுகிறோம், ஐயா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

எஞ்சின் அழுத்தித் தரும் சூடான காற்றைக் குளிரவைத்து உள்ளே விடுகிறோம், டீச்சர். வால் பக்கம் இருக்கும் ஒரு வால்வு தேவையான அளவுக்குத் திறந்து அதை வெளியேற்றும். உள்ளே இருப்பது 8,000 அடி மலையில் இருக்கும் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தாவே ஏறத்தாழ 4,700 அடிதான்.

காது அடைக்கிறதே?

மிட்டாய் சப்புங்கள், கொட்டாவி விடுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள்.

ஆக்சிஜன் மாஸ்க் விழுந்தால் பிள்ளைக்குத்தானே முதலில் போடணும்? (இரண்டு பிள்ளைகளின் தாய்)

இல்லை தங்கச்சி, முதலில் உங்களுக்கு. அந்த உயரத்தில் காற்று போனால் 30 முதல் 60 வினாடிதான் நிதானம் இருக்கும். நீங்கள் மயங்கிவிட்டால் பிள்ளைக்கு யார் போடுவது?

மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று மட்டும் சொன்னார்கள். இது சரியா?

சரியில்லை. எது பழுது, எவ்வளவு நேரமாகும் என்று சொல்லலாம். அதைவிட முக்கியம், பழுது பார்த்தவர் பைலட்டிடம் சொல்வது. 14 ஆகஸ்ட் 2005 அன்று சைப்ரசிலிருந்து ஏதென்சுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் நிறுவன விமானம் 522-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படுமுன், விடியற்காலையில், கதவில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கப் பராமரிப்பு ஆட்கள் உள்ளே காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்சை மேனுவலுக்கு மாற்றினார்கள். திரும்ப ஆட்டோவுக்கு மாற்றவில்லை. அதனால் அந்த வால்வு தானாக மூடவில்லை, மேலே ஏற ஏற உள்ளே காற்று குறைந்தது. விமானத்தில் இருந்த 121 பேரும் இறந்தார்கள்.

அண்ணே, அது பைலட் தப்பு. செக்லிஸ்டில் மூன்று இடத்தில் பார்த்திருக்கலாமே? (விமானப் பொறியியல் மாணவர்)

தம்பி, விசாரணை அறிக்கையும் அதைத்தான் முதலில் சொல்கிறது. ஆனால் உள்ளே காற்றழுத்தம் குறைகிறது என்று அபாய ஹாரன் அடித்தபோது பைலட்டுகள் குழம்பினார்கள். தரையில், புறப்படத் தயாரில்லை என்று எச்சரிப்பதும் அதே சத்தம்தான். பிறகு தரையிலிருந்த பொறியாளர் ரேடியோவில், ‘பிரஷர் பேனல் ஆட்டோவில் இருக்கிறதா?’ என்று கேட்டார். கேப்டன் பதில் சொல்லாமல், கருவிகளைக் குளிர்விக்கும் அமைப்பின் மின் பிரேக்கர் எங்கே என்று கேட்டார். காற்று குறைந்தால் புத்தி முதலில் மங்கும்.

அப்படியென்றால் டெக்னீஷியன் மேல்தான் பழியா? (லாரி ஓட்டும் அண்ணன்)

பழியைப் பங்கு பிரிக்க நான் வரவில்லை, அண்ணே. வேலை முடிந்ததும் அந்த சுவிட்சில் விரலை வைத்து, ‘ஆட்டோ’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அப்புறம் எதைத் தொட்டேன், எந்த நிலையில் விட்டேன் என்று லாக் புத்தகத்தில் எழுதுவேன். தம்பி, நீயும் எழுது. வாய்ச்சொல் ஷிப்ட் மாறினால் போய்விடும்.

நடுவானில் யாராவது கதவைத் திறந்தால்?

பறக்கும் உயரத்தில் உள்ளிருக்கும் அழுத்தமே கதவைப் பிடித்துக்கொள்ளும். திறக்காது.

காது வலிக்கு... (மேலும் நால்வர்)

மேலே பாருங்கள். சளி பிடித்திருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பறங்கள்.

மாஸ்க் பை உப்பவில்லை என்றால்?

உப்பாமலும் காற்று வரும், கழற்றாதீர்கள். ஏறத்தாழ 12 நிமிடம் வரும், அதற்குள் பைலட் 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். திரும்பவும் சொல்கிறேன், முதலில் உங்களுக்கு.